ஷெர்ரி ஃபினிஷ் பெற்ற ஐரிஷ் விஸ்கியைச் சுவைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் நாட்டு ஒயினான ஷெர்ரி இருந்த பீப்பாயில் இறுதிக்கட்ட முதிர்ச்சி பெற்ற ஐரிஷ் விஸ்கியை எப்படிக் கவனித்துச் சுவைப்பது என்பதே இந்தப் பக்கத்தின் பொருள். பொதுப்படையாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலுள்ள மிடில்டன் வடிசாலையில் உருவாகும் ‘ரெட்பிரெஸ்ட் லுஸ்டாவ்’ என்ற விஸ்கியை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தகைய விஸ்கியில் ஷெர்ரியைக் கண்டுகொள்வது எளிது. அதற்கு அடியில் இருக்கும் பார்லியைக் கண்டுகொள்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அந்தப் பயிற்சியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

‘ஷெர்ரி ஃபினிஷ்’ என்றால் என்ன?

விஸ்கி முதலில் ஒருவகைப் பீப்பாயில், பெரும்பாலும் அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்து காலியான பீப்பாயில், பல ஆண்டுகள் முதிர்கிறது. பிறகு அதை வெளியே எடுத்து, ஷெர்ரி ஊறிய வேறொரு பீப்பாய்க்கு மாற்றி, சில மாதங்களோ ஓரிரண்டு ஆண்டுகளோ வைத்திருந்து, அதன் பின்னரே புட்டியில் அடைக்கிறார்கள். இந்த இரண்டாம் கட்டத்துக்குத்தான் ஃபினிஷ் என்று பெயர். விழுங்கிய பிறகு நாவில் தங்கும் சுவையையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பதால் படிப்பவர்கள் குழம்புகிறார்கள்; ஆகவே இங்கே பீப்பாய் மாற்றத்தை ‘ஃபினிஷ்’ என்றும், நாவில் தங்குவதைப் ‘பின்சுவை’ என்றும் எழுதுகிறேன்.

ஐரிஷ் விஸ்கி என்ற பெயரைப் பெற, அது அயர்லாந்துத் தீவிலேயே வடிக்கப்பட்டு, 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாய்களில் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் அத்தீவிலேயே முதிர்ந்திருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

முழுக் காலமும் ஷெர்ரி பீப்பாயிலேயே முதிர்ந்த விஸ்கிக்கும் இதற்கும் சுவையில் என்ன வேறுபாடு?

நூலுக்கே சாயமேற்றி நெய்த சேலைக்கும், நெய்து முடித்த பிறகு அச்சிட்ட சேலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது இது. முழுக் காலமும் ஷெர்ரி பீப்பாயில் கிடந்த விஸ்கியில் தானியத்தின் சுவையும் மரத்தின் சுவையும் பழத்தின் சுவையும் ஒன்றுக்குள் ஒன்று இழைந்திருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஃபினிஷ் பெற்ற விஸ்கியில் அடுக்குகள் தெரியும்: மேலே உலர்பழங்களின் வாசம், அதன் கீழே போர்பன் பீப்பாய் தந்த வெனிலா, அதற்கும் கீழே தானியம். இந்த அடுக்குகள் நன்றாகப் பொருந்தியிருந்தால் சுவைப்பதற்கு அது தனி இன்பம்; பொருந்தாவிட்டால் இனிப்பு மேலே தனியாக மிதப்பதுபோல் இருக்கும்.

ரெட்பிரெஸ்ட் லுஸ்டாவ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் மூல விஸ்கியே போர்பன் பீப்பாய்களிலும் ஒலொரோசோ என்ற வகை ஷெர்ரி இருந்த பீப்பாய்களிலும் ஏறத்தாழ 9 முதல் 12 ஆண்டுகள் முதிர்ந்தது. அதன் பிறகு, ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் 1896-இல் தொடங்கப்பட்ட லுஸ்டாவ் நிறுவனத்தின் ஒலொரோசோ ஊறிய பீப்பாய்களில் மேலும் ஓராண்டு இருக்கிறது. 2016-இல் அறிமுகமான இது 46 விழுக்காட்டில் அடைக்கப்படுகிறது. ஷெர்ரியின் மீது ஷெர்ரி ஏறியிருப்பதால் அடுக்குகளின் விளிம்புகள் இதில் மென்மையாக இருக்கும்.

அயர்லாந்தின் விஸ்கிக்கும் ஸ்பெயினின் ஷெர்ரிக்கும் தொடர்பு எப்படி வந்தது?

வணிகத்தின் வழியாக வந்தது. பின்னால் வந்த விளம்பர உத்தி அன்று. ஷெர்ரி ஒரு காலத்தில் தென் ஸ்பெயினிலிருந்து பீப்பாயோடுதான் கப்பலேறியது. டப்ளின் நகரத்து ஒயின் வணிகர்கள் அதை இறக்கி, தங்கள் கிடங்குகளில் புட்டிகளில் அடைத்து விற்றார்கள். காலியான பீப்பாயைத் திருப்பி அனுப்புவது செலவு, எரிப்பதோ வீண். எனவே அதே நகரத்திலிருந்த போ வீதி ஜேம்சன் வடிசாலைக்கு அனுப்பி, புதிதாக வடித்த விஸ்கியை நிரப்பி வாங்கித் தங்கள் கிடங்கிலேயே முதிர வைத்தார்கள். கில்பி என்ற ஒயின் வணிக நிறுவனம் அப்படி முதிர வைத்த விஸ்கியே 1912 முதல் ரெட்பிரெஸ்ட் என்ற பெயரைப் பெற்றது. செந்நிற மார்புடைய ராபின் பறவையைக் குறிக்கும் பெயர் அது. 1805-இல் தொடங்கிய மிட்செல் என்ற மற்றொரு டப்ளின் குடும்ப நிறுவனம், எந்தப் பீப்பாய் எத்தனை ஆண்டு முதிர வேண்டியது என்பதைக் காட்ட நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணப் பொட்டுகளைத் தீட்டி வைத்தது. இன்றைய ‘கிரீன் ஸ்பாட்’, ‘யெல்லோ ஸ்பாட்’ விஸ்கிகளின் பெயர்கள் அந்தப் பொட்டுகளிலிருந்து வந்தவையே.

ஆகவே அயர்லாந்தில் ஷெர்ரி வாசம் புதிதாகச் சேர்க்கப்பட்ட அலங்காரம் அன்று. 1966-இல் ஜேம்சன், பவர்ஸ், கார்க் வடிசாலைகள் ஒன்றிணைந்து ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் ஆனபோதும், 1975-ஐ ஒட்டி அவற்றின் உற்பத்தி மிடில்டனுக்கு நகர்ந்தபோதும் ஷெர்ரி பீப்பாய்கள் தொடர்ந்து பயன்பட்டன. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைத்து அனுப்பும் முறை நிலைபெற்ற பிறகு, கப்பலில் வரும் பீப்பாய் என்ற பழைய வழி அடைபட்டது. அதிலிருந்து விஸ்கிக்கென்றே பீப்பாய் செய்துகொள்ளும் வழி வளர்ந்தது.

அப்படியானால் இன்றைய ‘ஷெர்ரி பீப்பாய்’ உண்மையில் எது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சுவை விளங்கிவிடும். ஷெர்ரி தயாரிக்கும் கிடங்குகளில் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும் பழம்பீப்பாய்கள் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் பயன்பட்டவை. மரத்தின் சாறு இறங்கி, ஒயினுக்கு மரவாசம் ஏற்றாத நிலையை எட்டியவை. ஷெர்ரி தயாரிப்பாளருக்கு வேண்டியதும் அதுவே. அவர் அவற்றை எளிதில் விற்கமாட்டார். விற்றாலும் விஸ்கிக்கு அவை அதிகம் தரா.

விஸ்கிக்குப் பயன்படுபவை பெரும்பாலும் புதிதாகச் செய்யப்பட்டவை. மிடில்டனுக்குச் செல்லும் பீப்பாய்களுக்கு வட ஸ்பெயினின் கலிசியா பகுதியில் வளரும் ஓக் மரத்தை வெட்டிப் பலகையாக்கி, வெயிலிலும் மழையிலும் உலரவிட்டு, தெற்கே ஹெரெஸ் பகுதிக்குக் கொண்டுவந்து, தீயில் வாட்டி வளைத்து, ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும் பெரிய பீப்பாய்களாகக் கட்டுகிறார்கள். பிறகு அவற்றில் ஒலொரோசோ ஷெர்ரியை நிரப்பி, ஓராண்டோ இரண்டாண்டோ பழக்கப்படுத்துகிறார்கள். இந்தக் காலத்தில் ஷெர்ரி மரத்துக்குள் புகுகிறது. மரத்தின் கடுமையான துவர்ப்பு ஷெர்ரிக்குள் இறங்குகிறது. மண்பானையைப் புதிதாக வாங்கியவுடன் சமைக்காமல், கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவது போன்ற வேலை இது. அப்படிப் பயன்பட்ட ஷெர்ரியை வழக்கமாகக் குடிப்பதற்கு விற்பதில்லை. அது மீண்டும் பீப்பாய் பழக்குவதற்கோ, வினிகருக்கோ, வடிப்புக்கோ போகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். உங்கள் கோப்பையில் வரும் கிராம்பும் அதிமதுரமும் துவர்ப்பும் ஷெர்ரியிலிருந்து மட்டும் வருபவை அல்ல. பெருமளவு ஐரோப்பிய ஓக் மரத்திலிருந்து வருபவை. ஐரோப்பிய ஓக்கில் துவர்ப்பைத் தரும் டானின் மிகுதி. அமெரிக்க ஓக்கிலோ தேங்காயையும் வெனிலாவையும் நினைவூட்டும் பொருள்கள் மிகுதி. போர்பன் பீப்பாயின் உட்புறத்தைக் கரியாகுமளவு எரிக்கிறார்கள்; ஷெர்ரி பீப்பாயின் உட்புறத்தைப் பொன்னிறமாக வாட்டுவதோடு நிறுத்துகிறார்கள். இந்த இரண்டு மரங்களையும் இரண்டு தீயையும் சேர்த்தே நீங்கள் சுவைக்கிறீர்கள்.

எல்லா ஷெர்ரியும் இனிப்பானதா? ஒலொரோசோ என்பது என்ன?

இல்லை. ஷெர்ரி என்பது ஹெரெஸ், சான்லூகர், எல் புவெர்த்தோ ஆகிய மூன்று ஊர்களைச் சார்ந்த, ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய ஒயின். வெண்சுண்ணாம்பு நிலத்தில் விளையும் பாலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையே அதன் அடிப்படை. பீப்பாயின் மேற்பரப்பில் படரும் நொதிப்படலத்தின் அடியில் முதிர்வது ஃபினோ. அது வெளிறிய நிறத்தில் உப்புக்காற்றின் வாசத்தோடு இருக்கும். ஒலொரோசோவுக்குத் தொடக்கத்திலேயே 17 விழுக்காடு அளவுக்கு வலுவூட்டுவதால் அந்தப் படலம் பிழைக்காது; ஒயின் காற்றோடு நேரடியாகப் பழகிப் பழுப்பேறி, அக்ரூட் பருப்பின் வாசத்தைப் பெறுகிறது. வாசத்தில் இனிப்பாகத் தோன்றினாலும் நாவில் அது இனிப்பற்ற ஒயின். பெத்ரோ ஹிமெனெஸ் என்பது இதற்கு நேர்மாறு: அப்பெயருடைய திராட்சையை வெயிலில் பாய்மேல் உலர்த்திப் பிழிந்தது, லிட்டருக்கு 212 கிராமுக்குக் குறையாத சர்க்கரை உள்ளது, பாகு போல வழியும்.

ஒலொரோசோ பீப்பாயில் ஃபினிஷ் பெற்ற விஸ்கி பருப்பும் துவர்ப்பும் உலர்பழமுமாக இருக்கும். பெத்ரோ ஹிமெனெஸ் பீப்பாயில் இருந்தது பேரீச்சம்பழப் பாகின் பக்கம் சாயும். என் விருப்பத்தைக் கேட்டால் ஒலொரோசோவே; பாகின் இனிமை முதல் மிடறில் மகிழ்ச்சி தந்தாலும், மூன்றாம் மிடறில் தானியத்தை மறைத்துவிடுகிறது.

ஷெர்ரிக்கு அடியில் நான் தேட வேண்டிய ஐரிஷ் தன்மை எது?

புட்டியில் ‘சிங்கிள் பாட் ஸ்டில்’ (ஒரே வடிசாலையில், பானை வடிவக் கலனில் வடித்தது) என்று எழுதியிருந்தால் முளைக்கவிடாத பார்லியைத் தேடுங்கள். ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் முழுக்க முளைப்பார்லியால் ஆனது. ஐரிஷ் பாட் ஸ்டில் விஸ்கியில் முளைப்பார்லி 30 விழுக்காட்டுக்கும், முளைக்காத பார்லி 30 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. வேறு தானியங்கள் 5 விழுக்காடு வரை இருக்கலாம். 1785-இல் முளைப்பார்லிக்கு விதிக்கப்பட்ட வரிதான் வடிப்பவர்களைப் பச்சைப் பார்லியின் பக்கம் தள்ளியது என்பது வரலாறு. வரிச்சுமையில் பிறந்த ஒரு வழக்கம் நாட்டின் தனிச்சுவையாக நிலைத்துவிட்டதை ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன்.

முளைக்காத பார்லி மூன்றைத் தருகிறது. முதலாவது, நாவில் எண்ணெய் தடவியது போன்ற வழவழப்பு. இரண்டாவது, மிளகும் சுக்கும் கலந்தது போன்ற மெல்லிய காரம். மூன்றாவது, பச்சைத் தானியத்தை வாயிலிட்டு மென்றால் வரும் மாவு மணம். செம்புக் கலன்களில் மூன்று முறை வடிப்பது மிடில்டன் வழக்கம். அதனால் இவை முரட்டுத்தனமின்றி வரும்.

எல்லா ஐரிஷ் விஸ்கியும் இப்படி இராது. வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்திலுள்ள புஷ்மில்ஸ் முளைப்பார்லி விஸ்கிக்குப் பெயர்பெற்றது. அதன் ‘பிளாக் புஷ்’ கலவையில் ஒலொரோசோ பீப்பாயில் முதிர்ந்த மால்ட், அதாவது முளைப்பார்லி விஸ்கி, பெரும்பங்கு வகிக்கிறது. அங்கே தேட வேண்டியது காரத்தை அன்று, பிஸ்கட் போன்ற மால்ட் மணத்தை.

எவ்வகைக் கோப்பை, எவ்வளவு விஸ்கி?

அடி பருத்து வாய் குறுகிய, டியூலிப் மொக்கு வடிவிலான சிறு கண்ணாடிக் கோப்பை வேண்டும். 20 மில்லிலிட்டர் போதும். ஐஸ் வேண்டாம், குளிர் ஏறினால் வாசம் எழாது. அறை 20 பாகை அளவில் இருப்பது நல்லது. வெப்பம் மிகுந்தால் ஆல்கஹால் முதலில் எழுந்து மூக்கைக் குத்தும். காரமான சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாம்பிராணியோ மல்லிகையோ மணக்கும் அறையைத் தவிருங்கள். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் இதில் இறங்க வேண்டாம்.

நிறம் கருஞ்சிவப்பாக இருந்தால் ஷெர்ரி அதிகம் என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. ஐரிஷ் விஸ்கியில் நிறத்துக்காகச் சாதாரணக் காரமல் (கருக்கிய சர்க்கரை) சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. நிறத்தைப் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள்.

முகரும்போது என்ன செய்ய வேண்டும்?

ஊற்றியவுடன் முகராதீர்கள், ஐந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். பிறகு கோப்பையை மார்புக்கு நேரே பிடித்து, மெல்ல மெல்ல முகத்தை நோக்கி உயர்த்துங்கள். எந்த உயரத்தில் முதல் வாசம் வருகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டால் ஆல்கஹாலின் குத்தல் குறையும். ஒயினைச் சுழற்றுவது போல வேகமாகச் சுழற்ற வேண்டியதில்லை. ஒரு முறை சாய்த்து நிமிர்த்தினால் போதும்.

ரெட்பிரெஸ்ட் லுஸ்டாவில் எனக்கு முதலில் வருவது அத்திப்பழமும் கருந்திராட்சையும். அதில் மயங்கி நின்றுவிடாமல், கோப்பையை விலக்கி, உங்கள் முழங்கைத் தோலையோ உள்ளங்கையையோ ஒரு முறை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள். மூக்கு ஒரே வாசத்துக்கு விரைவில் பழகி அதை விட்டுவிடும்; இடைவெளி கொடுத்தால் அடுத்த அடுக்கு திறக்கும். இரண்டாம் முறை பாதாம் விழுதும் ஆரஞ்சுத் தோலும் தெரிந்தன. பத்து நிமிடம் கழிந்த மூன்றாம் முறைதான், வெயிலில் காயும் தானியத்தின் அருகே நின்றது போன்ற மணம் எழுந்தது. அந்த மூன்றாம் வாசத்துக்காகவே நான் இந்தப் புட்டியைப் பரிந்துரைக்கிறேன்.

வாயில் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும்?

முதல் துளி நாவைப் பழக்குவதற்கு மட்டுமே; அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதாக, கால் கரண்டி அளவு வாயிலெடுத்து, நாவின் நுனி, ஓரங்கள், அடி என எல்லா இடங்களிலும் பரவவிட்டு, பத்து பன்னிரண்டு நொடி மென்று, பிறகு விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கின் வழியே மூச்சை வெளியே விடுங்கள். அப்போது தொண்டையிலிருந்து மேலே வரும் வாசம், முகர்ந்தபோது கிடைத்ததைவிட உண்மையானது. ஃபினிஷ் நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை அந்த மூச்சில் அறியலாம்.

மூன்று கட்டங்களாகக் கவனியுங்கள். நாவில் பட்டதும் பழ இனிமையும் வழவழப்பும் வரும். நடுவில் கிராம்பு, அதிமதுரம், வறுத்த பருப்பு. பின்சுவையில் பழம் மெல்ல விலகி, பார்லியின் காரமும் ஓக்கின் துவர்ப்பும் நிற்கும். லுஸ்டாவில் இந்த வரிசை தெளிவாக நடக்கிறது. பின்சுவை முழுவதும் இனிப்பு மட்டுமே நின்றுவிட்டால் பீப்பாய் விஸ்கியை விழுங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட புட்டிகளை நான் மீண்டும் வாங்குவதில்லை.

தண்ணீர் சேர்ப்பது குற்றமா?

சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் தனியே சுவைத்த பிறகு. 46 விழுக்காடு உள்ள 20 மில்லிலிட்டர் விஸ்கியில் 3 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்தால் அது சரியாக 40 விழுக்காட்டுக்கு இறங்கும். அரைத் தேக்கரண்டியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள்.

ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017-இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. விஸ்கியின் மணப்பொருள்களில் ஒன்றான குவையக்கால், ஆல்கஹால் மிகுந்திருக்கும்போது அதனால் சூழப்பட்டுக் கலவையின் உள்ளே கிடக்கிறது. நீர் கூடும்போது மேற்பரப்பை நோக்கி வருகிறது. என் அனுபவத்தில் தண்ணீர் சேர்த்ததும் ஷெர்ரி வாசம் சற்றே பின்வாங்கி, தானியமும் பச்சை ஆப்பிளும் முன்னே வருகின்றன. ஆகவே ஃபினிஷ் பெற்ற விஸ்கிக்குத் தண்ணீர் ஒரு சோதனைக் கருவியும் கூட. சில வேளை துவர்ப்பு திடீரெனக் கூடிக் கசப்பாக மாறும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சேர்த்தபோது விஸ்கி லேசாகக் கலங்கினால் அஞ்ச வேண்டாம். குளிரவைத்து வடிகட்டும் முறைக்கு உட்படாத விஸ்கியில் கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் என்ற சேர்மங்கள் தங்கியிருக்கும். ஆல்கஹால் குறைந்தால் அவை பனிமூட்டம் போலத் தோன்றும். லுஸ்டாவின் வழவழப்புக்கு அவையும் காரணம்.

ஆங்கிலச் சுவைக்குறிப்புகளில் வரும் கிறிஸ்துமஸ் கேக், மார்சிபான் எல்லாம் எனக்குப் பழக்கமில்லை. எந்தச் சொற்களில் எழுதுவது?

உங்கள் நாவில் இருக்கும் சொற்களில் எழுதுங்கள். சுவைக்குறிப்பு என்பது நினைவிலிருந்து எடுப்பது. அயலார் சமையலறையின் நினைவை இரவல் வாங்கி எழுதினால் அது உங்களுக்கே பயன்படாது.

இந்தத் துறையில் தமிழ் ஏழையான மொழி அன்று. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று ஆறு சுவைகளை நாம் பெயரிட்டு வைத்திருக்கிறோம். இவற்றில் கடைசி இரண்டும் இந்த விஸ்கிக்கென்றே அமைந்தவை போல் இருக்கின்றன. பாட் ஸ்டில் விஸ்கியின் அடையாளம் கார்ப்பு; ஷெர்ரி பீப்பாயின் அடையாளம் துவர்ப்பு. ஓக்கின் டானின் நாவைப் பிடிப்பதை விளக்க மற்ற மொழிக்காரர்கள் ஒரு வரி எழுதும்போது, நாவற்பழம் தின்றவருக்கும் கொட்டைப்பாக்கு மென்றவருக்கும் ‘துவர்க்கிறது’ என்ற ஒரு சொல் போதும். இன்னும் நுட்பமாகவும் பிரிக்கலாம்: நாவற்பழத் துவர்ப்பு ஈரத்தோடு வந்து போகும், பாக்குத் துவர்ப்பு உலர்ந்து நிற்கும், மாம்பிஞ்சின் துவர்ப்பில் பால்வாடை இருக்கும். லுஸ்டாவில் எனக்குக் கிடைப்பது முதல் வகை. பீப்பாயில் அளவுக்கு மீறிக் கிடந்த விஸ்கியில் கிடைப்பது இரண்டாம் வகை.

ஷெர்ரி வாசத்துக்கும் அப்படியே. மார்சிபான் என்பது பாதாமும் சர்க்கரையும் அரைத்த விழுது. பாதாம் அல்வா தெரிந்தவருக்கு அது புதிதன்று. உலர்திராட்சை, பேரீச்சை, அத்தி என்று பிரிக்கலாம். நெய்யில் பொரிந்து உப்பிய திராட்சை என்றும் எழுதலாம், அது வேறு வாசம். காரமல் என்று எழுதும் இடத்தில் வெல்லப்பாகா, கருப்பட்டியா என்று ஒரு கணம் யோசியுங்கள். கருப்பட்டியில் புகையும் மண்ணும் உண்டு. வெந்தயத்துக்கு அதன் தனி மணத்தைத் தரும் சோட்டலோன் என்ற பொருள் ஷெர்ரியிலும் இருக்கிறது. செறிவு கூடினால் அது வெந்தயமாகவும், குறைந்தால் வெல்லப்பாகாகவும் மணக்கும். எனவே ஷெர்ரி ஏறிய விஸ்கியில் வறுத்த வெந்தயம் மணக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்; உங்கள் மூக்கு தவறவில்லை.

தீக்குச்சி உரசிய வாசமோ, வெந்த முட்டைக்கோஸ் வாசமோ வந்தால்?

அது கந்தகம். காலியான பீப்பாய் கெடாமலிருக்க அதனுள் கந்தகம் எரிப்பது பழைய வழக்கம். அதன் மிச்சம் விஸ்கிக்குள் வரக்கூடும். ஷெர்ரி பீப்பாய்களைப் பற்றிய மனக்குறைகளில் இதுவே முதன்மையானது. சிலருடைய மூக்கு இதை மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். சிலருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அருகிலிருப்பவர் ரப்பர் வாசம் என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால், இருவருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள். மெல்லிய அளவில் இருந்தால் அரைமணி நேரம் காற்றாட வைத்துப் பாருங்கள், பலமுறை குறைந்துவிடும். பின்சுவையிலும் கசப்பாகத் தொடர்ந்தால் அந்தப் பீப்பாய் பழுதானது என்றே கொள்ள வேண்டும்.

ஃபினிஷ் என்பது தரம் குறைந்த விஸ்கியை மறைக்கும் தந்திரம் என்கிறார்களே?

சில புட்டிகளைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. இளம் விஸ்கியின் பச்சை வாடையையும் எரிச்சலையும் சில மாத ஷெர்ரிப் பூச்சு மறைத்துவிட முடியும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழியும் சுவைப்பவரிடமே இருக்கிறது. தண்ணீர் சேர்த்த பிறகு பழவாசம் கலைந்து, அடியில் ஒன்றுமில்லாமலோ சாராய நெடியோ வந்தால் அது மறைப்பு. பழம் விலகிய இடத்தில் தானியம் நின்றால் அது நிறைவு. ஸ்காட்லாந்தின் பால்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டூவர்ட் 1980களில் இந்த முறையைச் செம்மைப்படுத்தியபோதும் நல்ல விஸ்கியைத்தான் மாற்றி வைத்தார். புட்டியின் மேல் எழுதியிருப்பவற்றில் முதலில் எந்தப் பீப்பாயில் எத்தனை ஆண்டு, பிறகு எதில் எத்தனை மாதம் என்று தெளிவாகச் சொல்லும் நிறுவனங்களை நான் கூடுதலாக நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் சுவைத்துக் கற்க முடியுமா?

முடியும், ஆனால் இரண்டை அருகருகே வைத்தால் விரைவில் கற்கலாம். ரெட்பிரெஸ்ட் 12 ஆண்டு விஸ்கியை இடப்புறமும் லுஸ்டாவை வலப்புறமும் வையுங்கள். இரண்டும் ஒரே வடிசாலை, ஒரே வகை வடிப்பு; வேறுபாட்டின் பெரும்பகுதி அந்த இறுதி ஓராண்டு. 12 ஆண்டு விஸ்கி 40 விழுக்காடு என்பதால், லுஸ்டாவுக்கு மேலே சொன்ன கணக்குப்படி தண்ணீர் சேர்த்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள். இல்லையெனில் வலிமையைச் சுவை என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள். எளிமையானதை முதலில் சுவைப்பது முறை.

கிடைத்தால் மூன்றாவதாக ஒரு சிறு கோப்பை ஒலொரோசோ ஷெர்ரியையும் வையுங்கள். நான் முதன்முறை அப்படிச் செய்தபோது வியந்தேன்: விஸ்கியில் ஷெர்ரி என்று நினைத்திருந்த இனிப்பு ஷெர்ரியில் இல்லை. அந்த இனிப்பு வேறு இடங்களிலிருந்து, மரத்திலிருந்தும் வடிப்பிலிருந்தும் வந்திருந்தது. ஷெர்ரி கொடுத்தது பருப்பின் வாசத்தையும் ஒருவித உப்புக் கலந்த ஆழத்தையும்தான்.

திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும்?

பாதிக்கு மேல் இருக்கும்வரை ஓராண்டு அச்சமின்றி வைக்கலாம். கால் பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் சிறு புட்டிக்கு மாற்றிவிடுங்கள். படுக்க வைக்கக் கூடாது; ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும், குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை.

குடித்து முடித்த கோப்பையை உடனே கழுவிவிடலாமா?

வேண்டாம், மறுநாள் காலை வரை அப்படியே வையுங்கள். ஆல்கஹால் பறந்துபோன கோப்பையில் எஞ்சுவது மரமும் தானியமும் மட்டுமே. லுஸ்டாவ் குடித்த கோப்பையில் காலையில் எனக்குக் கிடைத்தவை பழைய மரப்பெட்டியின் வாசமும், உலர்ந்த அத்தியும், அதற்குப் பின்னால் தவிட்டின் மணமும்.